பழைய ராணுவ ரைபிளால் பெரிய விலங்குகளை வேட்டையாட முடியுமா?

முடியும். ரைபிள் போதும், ஆனால் ராணுவத் தோட்டா சரிப்படாது.

படைகள் புதிய ஆயுதத்துக்கு மாறியபின் பொதுமக்களுக்கு விற்றுத் தள்ளிய பழைய துப்பாக்கிகளைத்தான் ராணுவ உபரி ரைபிள் என்கிறோம். ரஷ்யாவின் 1891 மோசின்-நாகாந்த், ஜெர்மனியின் 1898 மவுசர், பிரிட்டனின் லீ-என்ஃபீல்டு இதில் பிரபலம். சக்திக்குக் குறைவில்லை, லீ-என்ஃபீல்டை வைத்தே கனடாவில் தலைமுறைகளாக மூஸ் மான்களை வீழ்த்தியிருக்கிறார்கள்.

சிக்கல் குண்டில்தான் இருக்கிறது. உடலுக்குள் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்த 1899 ஹேக் பிரகடனம் என்ற சர்வதேச உடன்பாடு தடை போட்டது. அதனால் ராணுவக் குண்டின் ஈயத்தை முனைவரை உலோக உறை மூடியிருக்கும். அது பல நேரம் ஒல்லியான துளை மட்டும் போட்டு மறுபக்கம் வெளியேறிவிடும். விலங்கோ காயத்தோடு ஓடி, எங்கோ போய் வதைபட்டுச் சாகும். வேட்டைக் குண்டு பட்டதும் அகலும், பலவற்றின் முனையில் ஈயம் வெளியே தெரியும். தண்ணீருக்குள் மடக்கிய குடையைத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும், விரித்துத் தள்ளினால் தண்ணீர் மொத்தமும் எதிர்க்கும் இல்லையா? அதே கதைதான்: அகன்ற குண்டு தன் வேகத்தை உடலுக்குள்ளேயே இறக்கிவிடுகிறது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் பெரிய விலங்கு வேட்டைக்கு முழு உறைக் குண்டைத் தடைசெய்திருப்பதும் இதனால்தான்.

அப்புறம், பல பத்தாண்டுகள் பழைய இரும்பு அது. சுடுவதற்கு முன் துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.

போருக்குச் செய்த குண்டு என்பதால் கூடுதலாகக் கொல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். மான் விஷயத்தில் பெரும்பாலும் நேர்மாறுதான்.