தோள்சீலையும் நேர்ச்சையும்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

தென் திருவிதாங்கூரின் பனையேறிக் குடும்பம் ஒன்றில் மூன்று தலைமுறைப் பெண்களின் வாழ்க்கையைச் சொல்லும் உங்கள் நாவலை இரண்டு முறை படித்தேன். நான் மார்த்தாண்டத்தில் பள்ளி ஆசிரியை. எங்கள் குடும்பமும் ஐந்தாறு தலைமுறைக்கு முன் வேதத்தில், அதாவது கிறித்தவத்தில், சேர்ந்த குடும்பம்தான். அதனாலேயே சில கேள்விகள் உறுத்துகின்றன. நாவலில் வரும் பூட்டி வேதத்தில் சேர்ந்தது மேலாடை போடும் உரிமைக்காகவும் கூலியில்லா ஊழியத்திலிருந்து தப்பிப்பதற்காகவும்தானே? ஒரு சமூகப் போராட்டத்தை ஏன் ஜெபமும் கண்ணீருமாக எழுதினீர்கள்? அவளுடைய மகள் சாமித்தோப்பு அய்யா வைகுண்டரின் சமய வழிக்குப் போவதைத் தாய் ஒரு துரோகமாக எண்ணாதது எப்படி? நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமை தந்த 1859ஆம் ஆண்டு அறிவிப்பு வந்த நாளை இரண்டே பத்திகளில் முடித்தது ஏன்? முலைவரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? கடைசியாக ஒரு செய்தி. எங்கள் வீட்டுப் பரணில் பாட்டி ரேந்தை (லேஸ்) பின்னிய தலையணை கிடந்தது. உங்கள் நாவலைப் படித்த பிறகுதான் அதைக் கீழே இறக்கித் தூசி தட்டினேன்.

த., மார்த்தாண்டம்

அன்புள்ள த. அவர்களுக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு இருநூறு வயது ஆகிறது. 1806இல் மயிலாடிக்கு வந்து, 1809இல் அங்கே வேதக்கோயில் எழுப்பிய மிஷனரி ரிங்கல்தௌபேயும் இதே கேள்வியால் வருந்தினார். தம்மிடம் வருகிறவர்களில் பலர் தலைவரியிலிருந்தும் கூலியில்லா ஊழியத்திலிருந்தும் விடுபடலாம் என்ற எண்ணத்தோடுதான் வருகிறார்கள் என்பது அவருடைய மனக்குறை. சபையை எதிர்த்தவர்கள் இதையே ஏளனமாகச் சொன்னார்கள். இன்று வரலாற்றை எழுதும் நாம் அதையே பெருமையாகச் சொல்கிறோம். மூன்று தரப்புக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: ஒன்றைக் கேட்டுப் போகும் பக்தி முழுப் பக்தி ஆகாது.

அந்தப் பூட்டிக்கு இந்த எண்ணம் விளங்கியிருக்குமா என்று நான் பல மாதங்கள் யோசித்திருக்கிறேன். அவள் முத்தாரம்மனுக்குப் பொங்கலிட்டு வளர்ந்தவள். அம்மை இறங்கினால் நேர்ந்துகொள்வாள், பிள்ளை வேண்டி நேர்ந்துகொள்வாள், கணவன் பனையிலிருந்து வழுக்காமல் இறங்க வேண்டும் என்று விடியற்காலையில் கிழக்கே பார்த்துக் கும்பிடுவாள். கேட்பதும், கிடைத்ததும் கொண்டுபோய்ச் செலுத்துவதும், கிடைக்காவிட்டால் தெய்வத்தோடு வழக்காடுவதும்தான் அவளுக்குத் தெரிந்த பக்தி. அந்த வழக்காடலைப் போலி என்று அவளுடைய ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. உபதேசியார் வந்து ஒரு கர்த்தரைப் பற்றிச் சொன்னபோது, இந்தக் கர்த்தர் என் மகளின் தோளுக்குத் துணி தருவாரா என்று அவள் கேட்டிருந்தால், அந்தக் கேள்வியே அவளுடைய முதல் ஜெபம். நேர்ச்சையின் மொழியில் பேசிய ஒரு பெண்ணின் நம்பிக்கையை, பலன் எதிர்பாராத பக்தியே உயர்ந்தது என்று படித்து வளர்ந்த நாம் அளக்கும்போது நம்முடைய அளவுகோல்தான் பிழைபடுகிறது. அதனால்தான் துணியையும் ஜெபத்தையும் அவளிடமிருந்து பிரித்தெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

துணியைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேலாடை என்று ஒற்றைச் சொல்லில் நாம் சொல்வது அன்று இரண்டு வேறு பொருள்களாக இருந்தது. ஒன்று குப்பாயம், அதாவது சிரியன் கிறித்தவப் பெண்களும் மாப்பிள்ளை முஸ்லிம் பெண்களும் அணிந்த தைத்த சட்டை. மற்றொன்று நாயர் பெண்கள் மார்பின் குறுக்கே எடுத்துத் தோளில் போட்ட சீலை. ஆங்கிலேயரின் பிரதிநிதியான ரெசிடென்டாகவும் திருவிதாங்கூரின் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோவின் காலத்தில், 1814இல் வந்த உத்தரவு, வேதத்தில் சேர்ந்த நாடார் பெண்களுக்குக் குப்பாயத்தை அனுமதித்தது, தோள்சீலையை மறுத்தது. மிஷனரிகளின் மனைவிமார் தளர்வான ஒரு சட்டையை வடிவமைத்துக் கொடுத்தார்கள். உடலை மறைப்பது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பெண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு அதன் மேல் சீலையையும் போட்டார்கள். கல்குளம் பகுதியில் 1822இல் தொடங்கிய கலவரமும், 1827 முதல் 1829 வரை நடந்த பெரிய கலவரமும் இந்த இரண்டாவது துணிக்காகத்தான் நடந்தன. சந்தைக்குப் போன பெண்களின் தோளிலிருந்து அது உருவிக் கிழிக்கப்பட்டது. 1829 பிப்ரவரி 3ஆம் தேதி வெளிவந்த அரச அறிவிப்பு சட்டையை விட்டுவிட்டுத் தோள்சீலையைத் தடை செய்தது. அரசாங்கம் பார்த்தது வரிசையை, அதாவது யார் யாருக்குக் கீழே என்பது கண்ணால் பார்த்ததும் தெரிய வேண்டும் என்பதை. மிஷன் பார்த்தது அடக்கத்தை. பெண்கள் கேட்டது எதை என்று எந்த ஆவணமும் அவர்களுடைய வாயால் சொல்லவில்லை. மனுக்களில் உபதேசிமார் பெயர் உண்டு, கடிதங்களில் மிஷனரிகள் பெயர் உண்டு, தீர்ப்புகளில் அதிகாரிகள் பெயர் உண்டு. துணி கிழிக்கப்பட்டவள் 'பெண்கள்' என்ற பன்மைக்குள் மறைந்துவிட்டாள். ஆனால் அவள் என்ன செய்தாள் என்பது தெரியும். சட்டை கைக்கு வந்த பிறகும் சீலையை எடுத்துப் போட்டாள். நாவலின் முதல் பாகம் முழுவதையும் அந்த ஒரு செயலிலிருந்துதான் நான் எழுதினேன்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்ல வேண்டும். மேலோர் முன்பும் தெய்வத்தின் முன்பும் மார்புத் துணியைத் தாழ்த்துவது அந்த நாட்டில் மரியாதையாகக் கருதப்பட்டது. தோள்சீலை போட்ட நாயர் பெண்ணே நம்பூதிரியின் முன் அதை இறக்க வேண்டியிருந்தது. இதை அறிந்த பிறகுதான் நாவலில் சந்தையில் வைத்துத் துணியைப் பறிக்கும் வீட்டுப் பெண்களையும் என்னால் முகமுள்ளவர்களாக எழுத முடிந்தது.

பூட்டியின் மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1833இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து அய்யா வைகுண்டராக எழுந்தவரை நம்பிச் சாமித்தோப்புக்குப் போனவர்கள் மிஷன் கொடுத்த பாதுகாப்பு எதுவும் இல்லாமல் போனவர்கள். அவர்களுக்கு ரெசிடென்டிடம் பேச ஒரு வெள்ளைக்காரரும் கிடையாது. அய்யாவே திருவனந்தபுரத்தில் சிறை வைக்கப்பட்டார். 1841இல் அரிகோபாலன் சீடர் எழுதிய அகிலத்திரட்டு அம்மானை திருவிதாங்கூர் அரசனைக் கலிநீசன் என்றும் வெள்ளையரை வெண்நீசன் என்றும் சொல்கிறது. இருவரிடமும் கை ஏந்தாத வழி அது. தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்ட ஆண்கள் தலையில் துணி கட்டிக்கொண்டுதான் கும்பிட வேண்டும், கண்ணாடியின் முன் நின்று தன் முகத்தைப் பார்த்துக் கும்பிட வேண்டும், சாமித்தோப்பின் முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியும் ஒரே தண்ணீரை எடுக்க வேண்டும் என்று அய்யா ஏற்படுத்தினார்.

மகளை நான் வாகைப்பதியில் அய்யாவின் வழியினர் இருந்த துவையல் பந்தி என்னும் தவத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கடற்கரையில் தங்கி, நாளுக்கு மூன்று வேளை குளித்து, மூன்று வேளை துணி துவைத்து, ஒரு வேளை உண்டு தவம் இருந்தார்கள். தாய் தோளில் போட அடிபட்ட துணியை மகள் உப்புக் காற்றில் நின்று துவைத்து உலர்த்துகிறாள். இருவரும் ஒரே துணியைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாசல்களில் நிற்கிறார்கள். தாய் அவளைத் துரோகி என்று நினைக்காமல் இருந்திருக்க முடியுமா என்கிறீர்கள். முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். எங்கள் பக்கத்தில் இன்றும் ஒரே குடும்பத்தில் வேதக்கோயிலுக்குப் போகிறவர்களும் அய்யாவழியின் வழிபாட்டிடமான தாங்கலுக்குப் போகிறவர்களும் உண்டு. கல்யாணச் சாப்பாட்டுக்கு ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். வருத்தம் இருக்கும், பேச்சு நின்றுபோகும், பிரசவம் என்றால் தாய் போய் நிற்பாள். நாவலில் அவள் போய் நிற்பது அப்படித்தான்.

1859க்கு வருகிறேன். முந்தைய ஆண்டின் இறுதியிலிருந்து சந்தைகளில் அடிதடி, சபைக் கட்டடங்களுக்கும் பள்ளிகளுக்கும் தீ. சென்னை ஆளுநர் டிரெவெல்யன், ரெசிடென்ட் கல்லன் வழியாக நெருக்கியதன் பிறகு, உத்திரம் திருநாள் மகாராஜா ஜூலை 26ஆம் தேதி அறிவிப்பை வெளியிட்டார். அப்போது திவான் மாதவ ராவ். அந்த அறிவிப்பின் வாசகத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். எந்த மதத்து நாடார் பெண்ணும் கிறித்தவப் பெண்களைப் போலச் சட்டை போடலாம், முரட்டுத் துணியை முக்குவ மீனவப் பெண்கள் கட்டுவதுபோலக் கட்டலாம், எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் போடக் கூடாது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தோள்சீலை அதே இடத்தில்தான் நின்றது. மதம் மாறாத பெண்களுக்கும் உரிமை விரிந்தது மிகப் பெரிய காரியம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் இப்படி ஒரு 'ஆனால்' உள்ள அறிவிப்புக்கு மேளம் கொட்டி ஒரு அத்தியாயம் எழுத எனக்குக் கை வரவில்லை.

அந்த இரண்டு பத்திகளில் பூட்டியின் மகள் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்பதை மறுபடி பாருங்கள். பனை விளையில் அக்கானி, அதாவது பதநீர், காய்ச்சுகிறாள். பனை ஓலையும் மட்டையும் எரியும் அடுப்பில் அக்கானி நுரைத்துப் பொங்கி வரும்போது, நசுக்கிய ஆமணக்கு விதையைப் போட்டு நுரையை அடக்குகிறாள். கூப்பனியாகி, பாகாகி, சிரட்டையில் ஊற்றும் பதம் வரும் வரை அவள் அடுப்பை விட்டு நகர முடியாது. பாகு தெறித்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், துடைத்தால் தோலும் வந்துவிடும். அவளுடைய தாயின் நெஞ்சில் அப்படிப்பட்ட தழும்புகள் உண்டு, மகளின் நெஞ்சில் இல்லை. ஏனென்றால் இவள் எப்போதோ சட்டை போட்டுக்கொண்டுவிட்டாள். அறிவிப்பைச் சொல்ல வந்தவனிடம் அவள் கேட்பது ஒன்றுதான்: "அப்போ நாம இதுவரைக்கும் உடுத்ததெல்லாம் என்னவாம்?" நான் அறிந்த வரையில் அந்த அறிவிப்புக்கு ஒரு பெண் சொல்லியிருக்கக்கூடிய மறுமொழி அதுதான்.

முலைவரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆணுக்குத் தலைக்கரம், பெண்ணுக்கு முலைக்கரம் என்ற பெயரில் வரி இருந்தது. அந்தப் பெயரே போதிய இழிவு. வரிக்குப் பதிலாகத் தன் மார்பை அறுத்துக் கொடுத்தாள் என்று இன்று பரவலாகச் சொல்லப்படும் சேர்த்தலை நங்கேலியின் கதை கேரளத்தின் வாய்மொழி நினைவில் வாழ்வது. தென் திருவிதாங்கூரில் நடக்கும் என் நாவலில் அதைக் கொண்டுவந்து பொருத்தினால், கிடைத்திருக்கும் உண்மைகளின் கனத்தை அது மறைத்துவிடும் என்று அஞ்சினேன்.

நீங்கள் கேட்காத ஒரு குறையை நானே சொல்ல விரும்புகிறேன். மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் 1820களில் நாகர்கோவில் விடுதிப் பள்ளியில் பெண் குழந்தைகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலிசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய் அங்கேயும் அந்த வேலையைத் தொடங்கினார். தாயிடமிருந்து மகளுக்கு, ஒரு சீமையிலிருந்து அடுத்த சீமைக்கு அந்தப் பின்னல் போனது. அந்தப் பள்ளியில் உட்கார்ந்து பின்னிய சிறுமிகளில் சிலர் அடிமைகள். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே அந்தச் சிறுமிகள் ரேந்தை விற்ற காசைச் சேர்த்துத் தங்கள் விலையைத் தாங்களே கட்டி விடுதலையானார்கள். தன்னைத் தானே விலைக்கு வாங்கிய ஒரு சிறுமி! என் நாவலில் அவள் இரண்டு பக்கங்களுக்கு மட்டும் வந்து, பூட்டியின் பேத்திக்கு நூல் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள். சபைக்குள்ளேயே புலையர், பறையர் குடும்பங்கள் தள்ளி உட்கார வைக்கப்பட்டதை ஒரே ஒரு உரையாடலில் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். தோள்சீலைக்கு அடிபட்ட என் பெண்கள் அந்தச் சிறுமியை எப்படிப் பார்த்தார்கள் என்பதை எழுதும் துணிவு அப்போது எனக்கு இல்லை. இப்போது எழுதிக்கொண்டிருப்பது அவளைப் பற்றியதுதான்.

ஆகவே உங்கள் பரணில் கிடந்த தலையணை எனக்கு மிகவும் வேண்டியதாக இருக்கிறது. அதன் மேல் ஊசித்துளையிட்ட மாதிரித் தாள் இன்னும் குத்தியிருந்தால் எடுத்துவிடாதீர்கள், குண்டூசிகள் துருப்பிடித்திருந்தாலும் அப்படியே இருக்கட்டும். சாய்வான வெளிச்சத்தில் வைத்து, துளைகள் தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள். நூல் சுற்றிய மரக்குச்சிகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணி எழுதுங்கள். துளைகளின் வரிசையைப் பார்த்தே பின்னலைத் திரும்பப் போடத் தெரிந்த ஒரு முதிய பெண்மணியை நாகர்கோவிலில் எனக்குத் தெரியும். அவருக்குக் கண் மங்கிவருகிறது, அதனால் சற்று விரைவாக அனுப்பினால் நல்லது.

அன்புடன்.