காளான் கழிவு ஏன் மக்கவில்லை?

கேள்வி: சிறிய குடில் போட்டுச் சிப்பிக் காளான் வளர்க்கிறேன், ஐயா. அறுவடை முடிந்த பைகளைக் குடிலுக்குப் பின்னால் கொட்டிவைத்தேன். மாதக்கணக்கில் மக்காமல் கிடக்கிறது, பூச்சி மொய்க்கிறது. நுண்ணுயிர்க் கலவை போட்டால் ஒரே மாதத்தில் எருவாகும் என்கிறார் உரக்கடைக்காரர். வாங்கலாமா? அந்த எருவை மல்லிகைக்குப் போடலாமா?
– ஒரு வாசகி, சோழவந்தான்

பதில்: வாங்கலாம், அம்மா. ஆனால் கடைக்குப் போகும் முன் குவியலை அங்கிருந்து கிளப்புங்கள். மக்கவைக்கும் கலவைகள் பலவற்றில் டிரைக்கோடெர்மா என்ற பூசணம் இருக்கிறது. பயறு போடுகிறவருக்கு அது காவல்காரன், காளான்காரருக்கு எமன். பைகளில் பச்சைப் பூசணமாகப் படர்ந்து வெள்ளாமையை அழிப்பது அதே குடும்பம்தான். காற்று குடிலை நோக்கி அடிக்காத மூலையாக, மரநிழலாகப் பாருங்கள். குவியலைக் கிளறிய உடுப்போடு குடிலுக்குள் போகவே கூடாது.

அடுத்து, பாலித்தீனை உரித்தால் மட்டும் போதாது. உள்ளே காளானின் பூசண இழை வைக்கோலைப் பின்னிப் பிடித்து, காய்ந்ததும் தெர்மாகோல் கட்டி போல இறுகிவிடும். மேலே ஊற்றும் தண்ணீர் வழிந்தோடும். நடுவில் வைக்கோல் மொறமொறவென்றே இருக்கும். உங்கள் குவியல் மக்காததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஈரம் இல்லாத இடத்தில் எந்த நுண்ணுயிரியைக் கொண்டுபோய் விட்டு என்ன பயன்? எங்கள் வாடிப்பட்டித் தோட்டத்தில் கட்டியை அரிவாளால் நாலாகக் கொத்தி, ஓர் இரவு நனையவிட்ட பிறகுதான் அடுக்குகிறோம். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், ஒழுகக் கூடாது.

நாலடி உயரம் அடுக்கலாம். அடுக்குக்கு அடுக்கு சாணக் கரைசல் தெளியுங்கள். வைக்கோலில் தழைச்சத்து குறைவு. வேளாண் பல்கலைக்கழகத்தின் பயோமினரலைசர் என்ற நுண்ணுயிர்க் கலவை என்றால் டன்னுக்கு 2 கிலோ, 20 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிக்க வேண்டும். காசியாபாத் தேசிய இயற்கை வேளாண் மையத்தின் வேஸ்ட் டீகம்போசர் என்றால் 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ வெல்லம் கரைத்து, ஒரு குப்பியை விட்டு, தினமும் கலக்கிவர வேண்டும். ஒரு வாரத்தில் தயாராகும். எது கிடைக்கும் என்று ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் விசாரித்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத பாட்டிலுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுக்காதீர்கள்.

வைக்கோலை வேகவைத்தீர்களா, மருந்தில் ஊறவைத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வேகவைத்தது என்றால் கவலை இல்லை. 100 லிட்டர் தண்ணீருக்கு 7.5 கிராம் கார்பன்டாசிமும் 125 மில்லி பார்மலினும் கலந்து ஊறவைப்பது நம் பக்கத்து வழக்கம். பார்மலின் ஆவியாகிப் போய்விடும். கார்பன்டாசிம் பூசணக்கொல்லி, அதன் மிச்சம் இருந்தால் டிரைக்கோடெர்மா சரியாகப் பிடிக்காது. அந்த வைக்கோலுக்குச் சாணமும் பாக்டீரியா சேர்ந்த கலவையும்தான் தோது.

ஒரே மாதம் என்பது கடைக்காரர் கணக்கு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டிப் போட்டு, ஈரமும் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மாதம் ஆகும். இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் சொருகி, சற்றுப் பொறுத்து உருவித் தொட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் கை சுட வேண்டும். சுடாவிட்டால் ஈரமோ சாணமோ பற்றவில்லை. புரட்டிய பிறகும் சூடேறாமல், கறுத்து, மண்வாசம் அடித்தால் எரு தயார்.

மல்லிகைக்குத் தாராளமாகப் போடலாம். நவம்பர் கடைசியில் கவாத்து செய்யும்போது செடிக்கு 10 கிலோ தொழு எரு சிபாரிசு. அதில் பாதிக்கு இதை வையுங்கள். அரைகுறையாக மக்கியதைப் போட்டால் மண்ணிலுள்ள தழைச்சத்தை அது இழுத்துக்கொள்ளும், இலை வெளுக்கும்.

கேள்வி: பால் காளான் கழிவுக்கும் இதே முறைதானா?
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: இதேதான். ஆனால் பையின் மேல் பரப்பிய, சுண்ணாம்புத் தூள் கலந்த மண்ணைத் தனியே வழித்தெடுத்துவிடுங்கள். ஏற்கெனவே களர் தட்டிய வயலில் அதைக் கொட்ட வேண்டாம்.