கட்டார் வேலை தேவ சித்தமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கல்லடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: கட்டாரில் வேலை சரிவந்திருக்கிறது, மனதிலும் சமாதானம் இருக்கிறது, இது கர்த்தருடைய நடத்துதல்தானா என்று. சமாதானத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள், கர்த்தரை விட்டு ஓடின யோனாவும் கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கினான்தானே.

அப்போஸ்தலர் 16ஐப் பாருங்கள். பவுலுக்கு ஆசியாவுக்குப் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) போகிற வழியும் அடைபட்டது, பித்தினியாவுக்குப் போகிற வழியும் அடைபட்டது, அப்புறம்தான் துரோவாவில் இரவில் "வந்து உதவும்" என்று அழைத்த மக்கெதோனியா மனிதனின் தரிசனம். கண்டதும் தாமதிக்காமல் கூட்டாளிகளோடு புறப்பட ஆயத்தமானார்.

கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தைப் பிடிப்பதெல்லாம் (நம்மவர்களில் சிலருக்கு அது பழக்கம்) வேண்டாம். ஜெபித்துவிட்டு ஒப்பந்தத் தாளை வரிவரியாக வாசியுங்கள். ஏஜென்சிக்காரர் வாயால் சொன்ன சம்பளம்தான் அதில் இருக்கிறதா, வெள்ளி லீவு உண்டா? அங்கே பல சபைகள் அன்றுதான் கூடுகின்றன. வீட்டாரிடமும் போதகரிடமும் மறைக்காமல் பேசுங்கள். எல்லாம் சரியென்றால் இன்னொரு அடையாளம் கேட்டு இழுத்தடிக்காமல் கையெழுத்து வையுங்கள்.