நவி மொழி இலக்கணம்: கேட்டதும் சொன்னதும்

('அவதார்' படத்தில் பண்டோரா என்ற நிலவில் வாழும் நீல நிற மக்கள் நவிகள். அவர்கள் பேசும் மொழியைப் பற்றி வந்த கேள்விகள் இவை.)

சார், வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நிஜமாகவே இலக்கணம் உண்டா?

உண்டு. இயக்குநர் கேமரூனிடம் முதலில் இருந்தவை முப்பது சொற்கள் அளவில்தான். 2009இல் படம் வருவதற்குள் பால் ஃப்ரோமர் என்ற மொழியியலாளர் அதை முழு மொழியாக வளர்த்துவிட்டார். அதில் தப்பாகப் பேசவும் முடியும், தப்பு என்று திருத்தவும் முடியும். இலக்கணம் இருப்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

வினைச்சொல்லை நடுவில் வெட்டுவார்களாமே?

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. நம் இடைநிலை எங்கே வரும்? பகுதிக்கும் விகுதிக்கும் இடையில்: செய்-த்-ஆன். 'செய்' உடைவதில்லை. நவியில் பகுதியின் வயிற்றுக்குள்ளேயே கால இடைநிலை போய் உட்கார்ந்துகொள்ளும். 'தரோன்' என்றால் வேட்டையாடு. இறந்தகாலம் த-அம்-அரோன், 'தமரோன்'. எதிர்காலம் 'தயரோன்'. வேட்டை முடிந்துவிட்டது என்றால் 'தொலரோன்'. அகராதியில் தேடும்போது நடுவிலிருப்பதை உருவிவிட்டுத்தான் தேட வேண்டும். பிலிப்பைன்ஸின் தகலாக் மொழியிலும் இந்த வழக்கம் உண்டு: 'சுலாத்' (எழுது), 'சுமுலாத்' (எழுதினார்).

காலம் மட்டுமா, மனநிலையும் உள்ளே போகும். 'கமெ' என்றால் ஒருவரை உள்ளபடி காண்பது. மகிழ்ச்சியோடு சொன்னால் 'எய்' நுழைந்து 'கமெயெ' ஆகிவிடும். படத்தில் 'உன்னைக் காண்கிறேன்' என்பார்களே, அதில் இருப்பது இதுதான். நாம் குரலில் காட்டுவதை அவர்கள் இலக்கணத்தில் காட்டுகிறார்கள்.

அண்ணா, நாம் / நாங்கள் வேறுபாடு அங்கே இருக்கிறதா? ஆங்கிலத்தில் இல்லாமல் தவிக்கிறேன்.

இருக்கிறது தம்பி, நம்மைவிட ஒரு படி மேலே. நான் 'ஓஎ', நீ 'ஙா' (ஆமாம், ங-வில் தொடங்கும் சொல்!). இரண்டும் ஒட்டி 'ஓஎங்': நீயும் நானும். உன்னைச் சேர்க்காமல் நாங்கள் இருவர் என்றால் 'மோஎ'. மூன்று பேருக்குத் தனி வடிவம், அதற்கு மேல் வேறு வடிவம்.

பன்மைக்கு நம் 'கள்' மாதிரி ஏதாவது?

முன்னால் 'அய்' வரும். வந்ததும் சொல்லின் முதலில் த், ப், க் போன்ற மெய் இருந்தால் இளகிவிடும். 'தூதெ' ஒரு ஆள். பலர் என்றால் 'அய்ஸூதெ'. இளகியதே பன்மையைக் காட்டிவிடுவதால் 'அய்'யை விட்டுவிட்டு 'ஸூதெ' என்றாலும் போதும்.

வேற்றுமை உருபு?

எழுவாய்க்கே உருபு உண்டு, ஆனால் எப்போதும் இல்லை. 'நந்தங்' ஓநாய் போன்ற விலங்கு, 'யெரிக்' மான் போன்றது. நந்தங் தூங்கினால் உருபு கிடையாது. யெரிக்கை வேட்டையாடினால் 'நந்தங்-இல் யெரிக்-இத் தரோன்'. செய்பவருக்கு 'இல்', செயப்படுபொருளுக்கு 'இத்'. இந்தி தெரிந்தவர்கள் 'நே'யை நினைத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் உருபு இருப்பதால் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் யார் யாரைத் துரத்துகிறார் என்பதில் குழப்பம் வராது.

என் கதைக்கு நானே ஒரு மொழி செய்கிறேன். 200 சொற்கள் ஆகிவிட்டன. அடுத்து?

சொற்களை நிறுத்திவையுங்கள். நானும் கல்லூரி நாட்களில் ஒன்று செய்தேன். நோட்டு நிறையச் சொற்கள். பின்னால் பார்த்தால் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை, 'ஐ', 'கு' எல்லாம் அப்படியே இருந்தன. தமிழுக்கு மாறுவேடம் போட்டிருந்தேன், அவ்வளவுதான். உங்கள் மக்கள் எதைச் சொல்லாமல் ஒரு வாக்கியத்தை முடிக்கவே முடியாது என்று முதலில் யோசியுங்கள். நாம் 'வந்தான்', 'வந்தார்' என்பதில் மரியாதையைச் சொல்லாமல் தப்பிக்க முடியாதே, அந்த மாதிரி. கடலோடிகள் என்றால் காற்று வரும் திசையாக இருக்கலாம். அதற்கு ஒரு உருபு வைத்துப் பத்து வாக்கியம் எழுதிப் பாருங்கள்.

பத்து என்ற எண்ணுக்கு நவிகள் என்ன சொல்வார்கள்?

'வோமுன்', அதாவது எட்டும் இரண்டும். கைக்கு நான்கு விரல்தானே அவர்களுக்கு!