மெக்கில் பாடிய பெட்டி விண்டோஸில் ஏன் ஊமை?

கேள்வி: கூத்துப் பாட்டும் மத்தளமும் பதிவு செய்ய, இரண்டு மைக் பூட்டக்கூடிய பழைய யூ.எஸ்.பி. ஒடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஒன்று வாங்கினேன். நண்பரின் மெக்கில் எதுவும் நிறுவாமலே வேலை செய்தது. என் விண்டோஸ் 11 லெப்டொப்பில் மஞ்சள் குறிதான் வருகிறது. விண்டோஸ் 7 போட்டால் சரிவரும் என்கிறார் கடைக்காரர். போடலாமா? (களுவாஞ்சிக்குடி வாசகர்)

பதில்: வேண்டாம். விண்டோஸ் 7க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. புது லெப்டொப்பில் அதைப் போட்டால் வைஃபைக்கு டிரைவர் (சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கும் நிரல்) தேடி அலைவீர்கள். அதற்கும் அதே கடைக்குத்தான் காசு போகும்.

மெக்கில் சும்மா வேலை செய்தது என்றால் பெட்டியில் பழுதில்லை. பெரும்பாலும் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூ.எஸ்.பி. ஒடியோ முறையில்தான் அது பேசுகிறது. அந்த முறையில் இங்கே பார்க்க வேண்டியவை கிளாஸ் 1, கிளாஸ் 2 என்ற இரண்டு வகை. கிளாஸ் 2ஐ மெக் 2010இலேயே ஏற்றுக்கொண்டது. விண்டோஸுக்கு 2017 வரை, அதாவது விண்டோஸ் 10இன் 1703 பதிப்பு வரை, மனம் வரவில்லை. இடைப்பட்ட ஏழு வருடமும் ஒவ்வொரு கம்பனியும் தனக்கென்று டிரைவர் எழுதியது. பிறகு அப்படியே கைவிட்டது. அந்தக் குப்பையைத்தான் இன்றைக்கும் பாவனையாளர் கூட்டி அள்ளுகிறார்.

கணினியில் பூட்டிய சாதனங்களைக் காட்டும் டிவைஸ் மனேஜரில் மஞ்சள் குறியுள்ள வரியை இருமுறை அழுத்துங்கள். திறக்கும் விண்டோவில் கோட் 43 என்றிருந்தால் முதலில் வயரையும் துளையையும் மாற்றுங்கள். ஹப் வேண்டாம், லெப்டொப்பிலேயே நேரடியாகக் குத்துங்கள். கோட் 28 என்றால் டிரைவரே இல்லை. கோட் 10, 52 என்றால் யாரோ பழைய டிரைவரை ஏற்றிவிட்டிருக்கலாம். அன்இன்ஸ்டோல் கொடுக்கும்போது டிரைவரையும் அழிக்கும் கட்டத்தில் சரி போட்டு, வயரைக் கழற்றி மீண்டும் குத்துங்கள்.

இனி அதே விண்டோவின் டீடெய்ல்ஸ் பகுதியில் கொம்பாட்டிபிள் ஐடிஸ் என்பதைத் தெரிவுசெய்து, முதல் வரியின் கடைசியைப் பாருங்கள். 00 என்றால் கிளாஸ் 1, 20 என்றால் கிளாஸ் 2. இரண்டுக்கும் விண்டோஸுக்குள்ளேயே டிரைவர் இருக்கிறது. அப்டேட் டிரைவர், பிறகு கணினியில் தேடு, பிறகு பட்டியலிலிருந்து தெரிவு என்று போய் "யூ.எஸ்.பி. ஒடியோ" என்று தொடங்குவதைக் கொடுங்கள். கிளாஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எஃப்எஃப் என்றிருந்தால் தயாரித்த கம்பனியின் டிரைவர்தான் ஒரே வழி.

அந்த டிரைவரைக் கம்பனியின் இணையத்தளத்தில் மட்டும் எடுங்கள். டிரைவர் சீடி, "எல்லா டிரைவரும் ஒரே சொஃப்ட்வெயரில்" எல்லாம் வீண்செலவு. வைரஸும் அந்த வழியால் வரலாம். கோர் ஐசொலேஷன் என்ற விண்டோஸ் பாதுகாப்பை நிறுத்திவிட்டுப் பழைய டிரைவரை ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் லெப்டொப்பைக் கொடுக்கவே கூடாது. வீட்டுக் கதவைக் கழற்றி வைத்துவிட்டுக் காற்று வருகிறதே என்று சொல்கிற வேலை அது. 32 பிட் டிரைவர் என்றால் எவர் என்ன செய்தாலும் விண்டோஸ் 11இல் ஏறாது.

ஓரிடத்தில் மட்டும் இந்தக் கணக்குப் பிழையாகும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த லெப்டொப் என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போய் சிஸ்டம் டைப்பை வாசியுங்கள். ஆர்ம் என்றிருந்தால், அதாவது ஸ்னாப்டிராகன் சில்லு என்றால், இன்டெலுக்கு எழுதிய நிரல்கள் பெரும்பாலும் ஓடும், டிரைவர் ஓடாது. நிரலை விண்டோஸ் மொழிபெயர்த்து ஓட்டுகிறது, டிரைவரை அப்படி மொழிபெயர்ப்பதில்லை. பதிவு நிரல் அழகாகத் திறக்கும், பெட்டி மட்டும் தெரியாது. விண்டோஸுக்குள் இருக்கும் டிரைவர் அங்கேயும் வேலை செய்யும். கம்பனி டிரைவர் என்றால் ஆர்முக்கென்றே எழுதியதாக இருக்க வேண்டும்.

மஞ்சள் குறி போன பிறகும் குரல் ஏறாவிட்டால் பிரைவசி பகுதியில் மைக்ரோஃபோன் அனுமதி மூடியிருக்கலாம், திறந்துவிடுங்கள். ஒடாசிட்டியில் பதிவதென்றால் ஹோஸ்ட் இடத்தில் வசாப்பியை (விண்டோஸின் ஒலி வழி) தெரிவுசெய்து, விண்டோஸிலும் நிரலிலும் சாம்பிள் ரேட்டை (ஒலியைப் பதியும் வேகம்) 48000 என்றே வையுங்கள். மத்தளத்துக்கு மைக் வைத்தவுடன் கெயினை (மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவு) குறையுங்கள். கூத்தை நடத்தும் அண்ணாவியார் பாடும் அளவுக்கு வைத்திருந்தால் முதல் அடியிலேயே சிவப்பு விளக்கு எரியும்.