பழைய காரின் கறள் பிடித்த அடித்தகட்டை வீட்டிலேயே ஒட்ட, முதல் வெல்டிங் மெசினாக எதை வாங்கலாம்? குச்சி வைத்து ஒட்டும் ஆர்க் போதுமா?

ஆர்க் மலிவுதான், கேற், கிறில் வேலைக்கு நல்லது. கார் பொடித் தகடோ பெரும்பாலும் 1 மி.மீ.க்கும் மெல்லியது. குச்சியை வைத்ததும் ஓட்டை விழும். ஆகவே கம்பியைத் தானே ஊட்டும், ஒட்டைக் காற்றிலிருந்து காக்கும் கேஸ் இணைக்கக்கூடிய மிக் மெசினையே பாருங்கள்.

வாங்கும்போது அதிகபட்ச அம்பியரில் மயங்க வேண்டாம். 30, 40 அம்பியருக்கு இறங்குமா, 0.6 மி.மீ. கம்பிக்கு உருளை கிடைக்குமா என்று கேளுங்கள். கேஸ் இல்லாமல், உள்ளே காப்புத் தூள் உள்ள ஃப்ளக்ஸ் கம்பியும் ஓடும், ஆனால் சூடும் தெறிப்பும் கூட. அதற்கு மெசினின் பொசிட்டிவ், நெகட்டிவ் இணைப்புகளை மாற்றி, வெல்டிங் டோர்ச்சை நெகட்டிவில் போட வேண்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை.

நீளமாக இழுக்காதீர்கள். ஒரு பொட்டு, கொஞ்சம் தள்ளி இன்னொன்று, ஆறவிட்டு இடைவெளியை நிரப்புங்கள். இல்லாவிட்டால் தகடு அப்பளம்போல் நெளியும். பழகுவதற்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய பொனட் வாங்கினால் போதும்.

நம் வீட்டு 230 வோல்ட் இணைப்பு சரி, ஆனால் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் கூடாது. அப்புறம், பற்றரியைக் கழற்றிவிடுங்கள். பெற்றோல் தாங்கிக்குக் கிட்ட என்றால் வேலையைக் கராஜுக்கே கொடுங்கள்.