ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல, ரத்தத்துல இருக்காம்!

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு பெருங்குடல் கேன்சர், மூணாவது ஸ்டேஜ். ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசம் ஃபோல்ஃபாக்ஸ் கீமோவும் எடுத்தாச்சு, ஸ்கேன் கிளீன். ஆனா ரத்தத்துல கேன்சர் டிஎன்ஏ பாக்குற டெஸ்ட் பாசிட்டிவ். இன்னும் நாலு மருந்து சேத்து ஸ்ட்ராங்கா குடுத்தா மிச்சம் மீதியும் போயிடாதா? - ஒரு வாசகி

பதில்: டாக்டர்களும் அப்படி நெனச்சுதான்மா டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்க. ஜப்பான்ல ஆல்டேர்னு ஒரு டிரையல், உங்கப்பா மாதிரியே ரத்தத்துல மட்டும் பாசிட்டிவா இருந்த 243 பேர், பாதிப் பேருக்கு டிரைஃப்ளூரிடின்-டிபிராசில்னு ஒரு கீமோ மாத்திரை, மீதிப் பேருக்கு டம்மி மாத்திரை. நோய் திரும்பாம இருந்த காலம் மீடியன் கணக்குல, அதாவது வரிசைல நடுவுல இருக்குறவரோட கணக்குல, மருந்துல 9.3 மாசம், டம்மில 5.55. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா புள்ளிவிவரப்படி நிரூபணம் ஆகல. ஆஸ்திரேலியா தலைமைல நடந்த டைனமிக்-3 டிரையல்ல பாசிட்டிவ் ஆனவங்களுக்கு ஃபோல்ஃபாக்ஸோட இரினோடிகான்னு இன்னொரு கீமோ மருந்தும் சேத்து, ஃபோல்ஃபாக்ஸிரிங்குற ஸ்ட்ராங்கான கீமோ வரைக்கும் போய்ப் பாத்தாங்க, அதுலயும் கூடுதல் பலன் தெரியல. ரெண்டு ரிசல்ட்டும் 2025ல வந்தது.

ஒரு காரணம் இதுவா இருக்கலாம்: கீமோ முக்கியமா வேகமா பெருகுற செல்லைத்தான் அடிக்கும். டொராண்டோல 2021ல வந்த ஆய்வுப்படி, சில குடல் கேன்சர் செல் கீமோ ஓடுறப்போ கோடைல மண்ணுக்குள்ள போய் படுத்துக்குற தவளை மாதிரி வளர்ச்சியையே நிறுத்திட்டு, தன் உள்பாகங்களையே செரிச்சு உயிரைப் பிடிச்சுக்குதாம். அந்த செரிமானத்தைத் தடுக்குற மருந்தை கீமோவோட சேத்து எலிக்குக் குடுத்தப்ப நல்லா கேட்டுச்சு. எலிலதான், அதனால அப்பாவுக்கு இப்பவே கேக்காதீங்க.

கட்டியோட குணத்துக்குப் பொருந்துற மருந்தை கீமோவோட ஜோடி சேத்தா கதையே வேற. எம்எம்ஆர்னா செல் பெருகுறப்போ டிஎன்ஏல வர்ற பிழையைத் திருத்துற ஏற்பாடு; கட்டில அந்த எம்எம்ஆர் குறைபாடு இருக்குற மூணாவது ஸ்டேஜ்காரங்க 712 பேர்ல பாதிப் பேருக்கு, அட்டோமிக் டிரையல்ல, ஃபோல்ஃபாக்ஸோட அட்டிசோலிசுமாப்னு இம்யூனோதெரபி சேத்தாங்க. மூணு வருஷத்துல நோய் திரும்பாம இருந்தவங்க, ஃபோல்ஃபாக்ஸ் மட்டும் எடுத்தவங்கள்ல 76.6 சதவீதம், ரெண்டும் எடுத்தவங்கள்ல 86.4 சதவீதம். ஆனா இது ஆபரேஷன் முடிஞ்சதும் கீமோவோடயே ஆரம்பிச்சது, கீமோ முடிஞ்சு பாசிட்டிவ் ஆனவங்களுக்கு அப்படியே பொருந்தும்னு சொல்ல முடியாது. எம்எம்ஆர் குறைபாடும் நூத்துல சுமார் 15 பேருக்குத்தான் இருக்கும்.

அதனால மருந்தைக் கூட்டச் சொல்லி டாக்டரை நெருக்காதீங்க, அப்பாவோட கட்டி ரிப்போர்ட்ல எம்எம்ஆர், அப்புறம் பிஐகே3சிஏங்குற ஜீன், ரெண்டும் பாத்தாங்களான்னு கேளுங்க. ஸ்கேன் எத்தனை மாசத்துக்கு ஒருக்கன்னும் கேட்டுக்கோங்க, ஈரல்ல ஒரு சின்ன புள்ளியா சீக்கிரம் தெரிஞ்சா வெட்டி எடுக்க வாய்ப்பு இருக்கு. ஆஸ்பிரின் நல்லதுன்னு யாராவது வாட்ஸ்அப்ல அனுப்பினாங்கன்னு நீங்களா ஆரம்பிச்சுடாதீங்க, அது கட்டில பிஐகே3சிஏ மாதிரி குறிப்பிட்ட ஜீன் மாற்றம் இருக்குறவங்ககிட்டதான் வேலை செஞ்சது.